மூன்றாவது இலை

பிப்ரவரி 3

முடிவு வந்துவிட்டது. என் காட்டிலிருந்து நூறு இலை கொடுத்தோம். நூறிலும் வைரஸ் இல்லை.

மெர்லின் மேடம் காலை பத்தேகாலுக்குப் போன் செய்து சொன்னார். கிழங்கு ஆய்வு நிலையத்தில் இலையை அரைத்துப் பார்க்கிறவர் அவர்தான். முப்பது வயதுகூட ஆகாத பெண், ஊர் மார்த்தாண்டம் பக்கம். நாம் குச்சிக்கிழங்கு என்பதை மரச்சீனி என்பார். நாங்கள் பிடுங்கிய கிழங்கையெல்லாம் ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றிவிடுகிறோம் என்று முதல் தடவை கேட்டபோது, மீனை ஆற்றில் கொட்டியதைப் பார்த்ததுபோல் முகம் வாடிப்போனார்.

"நூத்துக்கு நூறும்மா! எங்க நிலையத்துக் காட்டிலயே ரெண்டு மூணு செடி மாட்டும் பாத்துக்கிடுங்க. நீங்க எப்படி வளத்தீங்க?"

"எல்லாம் கைராசி கண்ணு" என்றேன். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது.

நூறும் என்றதில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

இந்த டைரி பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்தது. விதைக்காடு வைத்திருப்பவர் நாள்தோறும் செய்ததை எழுத வேண்டும் என்று நிலையத்தில் ஒரு பதிவேடு தந்திருக்கிறார்கள். அதில் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் இடம். தண்ணீர் விட்டது, களை எடுத்தது. மீதி எல்லாம் இங்கே.

இருபத்தாறு வருஷமாகக் குச்சி வியாபாரம். கிழங்கைப் பிடுங்கியதும் தண்டுகளைக் காட்டோரம் எறிந்துவிடுவார்கள். நடுவதற்கு வேண்டும் என்று யார் கேட்டாலும் சும்மா கொடுப்பார்கள். அதை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, வேறு ஊரில் கொண்டுபோய் விலை சொன்ன முதல் ஆள் நான்தான். "அத்தாயிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, வெறகை வெதைன்னு விக்கிறா" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் பிறகு என்னிடமே வாங்கினார்கள்.

வியாபாரத்தைக் கெடுத்தது தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருங்கும். கிழங்கு விரல் தடிமனில் நின்றுவிடும். குச்சியை நறுக்கித்தான் நடுகிறோம், ஆகவே நோய்க் குச்சியை நட்டால் நோயைத்தான் நடுகிறோம். குச்சியைப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் இந்தப் பரிசோதனை, சான்றுச் சீட்டு எல்லாம். நூறு செடிக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் சீட்டுக் கிடையாது.

விதிப்படி மேடமே வந்து இலை எடுத்திருக்க வேண்டும். அன்று அவருடைய ஜீப் பழுது, நானும் ஊரில் இல்லை. போனில் முறையைச் சொன்னார். காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். நாற்பது தப்படிக்கு ஒரு தடவை நின்று, எதிரே எந்தச் செடி வருகிறதோ அதில் உச்சியிலிருந்து மூன்றாவது இலை. அதைப் பூவாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனேன். பூவாத்தாள் இருபது வருஷமாக என்னோடு குச்சி வெட்டுகிறவள், சொன்னால் செய்வாள். ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, அவளே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

தங்கச்சி சரசாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவளுடைய ஓர் ஏக்கர் சும்மா கிடக்கிறதாம். குத்தகைக்குக் கேட்கலாம் என்றுதான்.

பிப்ரவரி 5

மலையிலிருந்து சடையப்பன் இரண்டு பேரோடு இறங்கி வந்தார். எருமைப்பாறை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். ஐம்பது வயதிருக்கும், பேச்சு கம்மி, கண் அதிகம். போன மாதம் நான் மலைக்குப் போனது இவரைப் பார்க்கத்தான்.

வந்ததும் ஒரு குச்சியின் தோலை நகத்தால் கீறினார். பால் குபுக்கென்று வந்தது. உயிருள்ள குச்சிக்கு அதுதான் அடையாளம். இன்னும் நாலு இடத்தில் கீறினார். எல்லாவற்றிலும் பால்.

"சீட்டு இருக்குதுங்களா?"

"இருபதாம் தேதி கைக்கு வரும்."

"எங்க மலையில இந்த நோவு இல்லீங்கம்மா. நாங்க இதுவரைக்கும் கெழங்கே போட்டதில்ல, அதனால நோவும் இல்ல. சாமையப் போட்டுக் கட்டுப்படியாவலன்னுதான் இதுல எறங்கறோம். முப்பத்திமூணு ஏக்கரு. ஒரு தடவ மேல ஏறிட்டா அப்புறம் எறக்க முடியாது பாருங்க."

"நூத்துக்கு நூறுங்க. எந்தக் காட்டிலயும் இப்படி வராது."

நானூறு கட்டு, கட்டு இருநூற்றிருபது என்று பேசினோம். சாதாரணக் குச்சி எண்பதுக்கு மேல் போகாது. முன்பணம் வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டால் அவர்கள் ஊன்றிப் பார்ப்பார்கள். மேற்கே இருக்கிற மூன்று ஏக்கரைச் சுற்றிக் காட்டினேன். கிழக்கேயும் பார்த்துவிடுவோமே என்றார். வரப்பு வழுக்கும், பிறகு பார்க்கலாம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 8

மோட்டார் காயில் போய்விட்டது. சரசா இன்றும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11

மில் லாரி வரத் தாமதம். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். பூவாத்தாளுக்கு இன்று வாய் அடங்கவில்லை.

"சீட்டு வந்தா எனக்கென்ன தர்றீங்க்கா? நான் பொறுக்குன எலையாச்சே."

"பொறுக்குனயா?"

"பின்ன? மூணாவது எலைன்னீங்க. செடி சொணங்கிக் கெடந்தா அடுத்த செடிக்குப் போயிருவேன். அந்த நூறு எலையில ஒரு சொத்தையக் கண்டுபுடிக்கச் சொல்லுங்க பாக்கலாம் உங்க மேடத்த!"

"எதிர்ல வர்ற செடின்னு சொன்னனே?"

"எதிர்ல வந்ததுலதாங்க்கா நல்லதாப் பாத்தேன். சாம்பிளுன்னா எப்படி எடுக்கணும்னு எனக்கு யாரு கத்துக் குடுத்தா? மேல அடுக்கறது கண்ணப் பறிக்கணும்டின்னு சந்தையில எந்தலைல குட்டுனீங்களே, மறந்துபோச்சா?"

மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் குட்டியது உண்மைதான். கட்டில் வெளியே நல்ல குச்சி, உள்ளே சுமார் குச்சி வைத்துக் கட்ட நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் மாதிரி என்றால் இருப்பதிலேயே நல்லது. நூறு செடியின் மூன்றாவது இலை வேண்டும் என்றால் நூறு நல்ல இலை என்றுதான் எங்கள் கைக்குத் தெரியும்.

"கிழக்க எப்படி?" என்று கேட்டேன்.

"கெழக்கதாங்க்கா நேரமாச்சு. தேடித் தேடி அஞ்சாறு எலைதான் புடிச்சேன், மிச்சமெல்லாம் மேற்க எடுத்தது. ஒரு எலைக்கு ஒம்போது செடி ஏறி எறங்குனேன்."

சோறு மீந்துவிட்டது. வெயில்.

பிப்ரவரி 12

யோசித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையது அல்ல. பூவாத்தாளுடையதும் அல்ல. மேடம் வந்து எடுத்திருக்க வேண்டும், வரவில்லை. நிலையம் பார்த்துச் சொன்னதை நான் நம்புகிறேன். சீட்டு சீட்டுதான்.

மலைக்காரர்களுக்கும் குச்சி முளைக்கத்தான் போகிறது. நோய் இருந்தால் மூன்றாம் மாதம் தெரியும். வெள்ளை ஈ பரப்பிவிட்டது என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அந்த ஈ எங்கேயும் இருக்கிறது.

கிழக்குப் பக்கம் போகவில்லை. அங்கே நிழல் இல்லை.

சரசாவுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு கட்டுக் கொடுத்தேன். தங்கச்சி என்று விலை குறைத்துத்தான் கொடுத்தேன். அப்போதும் இதே பருவம்தான், வெயிலில் மேல் இலையெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை. அவளுக்குக் கிழங்கு இறங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும்படி ஆயிற்று. மழை பொய்த்ததற்கு நான் என்ன செய்வேன்? அதன் பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை.

பிப்ரவரி 14

வெட்டுக்கத்தி எட்டும் சாணை பிடித்து வந்தது. சணல் இருபது கிலோ. மேடம் போன் செய்தார். கட்டுக்குக் கட்டும் அட்டை அச்சாகிவிட்டதாம், பச்சை நிறம்.

"எங்க நிலையத்துக்கு வெளிய சான்று வாங்குற முதல் காடு உங்களுதும்மா. நான் கையெழுத்துப் போடுற முதல் சீட்டும் இதுதான். எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்" என்றேன்.

பிப்ரவரி 16

சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று இன்று நானே கிழக்குப் பக்கம் இலை எடுத்தேன்.

எடுக்க முடியவில்லை. நாற்பது தப்படி எண்ணி நிற்பேன். எதிரே உள்ள செடிக்குக் கை போகும். போகிற வழியிலேயே பக்கத்துச் செடிக்குத் திரும்பிவிடும். என் கையை நானே மூன்று தடவை பிடித்து இழுத்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், நல்லதைத் தவிர வேறு எதையும் தொடாது.

கடைசியில் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டேன். பூவாத்தாள் என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க்கா, இந்த வயசுல கண்ணாமூச்சியா? காட்டுக்குள்ள யாரத் தேடறீங்க?"

"பேசாம எண்ணு."

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது, நாப்பது. கைய நீட்டுங்க. அட, இன்னுங்கொஞ்சம். ம், புடிச்சிட்டீங்க. அது என்னோட முந்தானை, வுடுங்க."

நாற்பது இலை எடுத்தோம். துண்டை அவிழ்த்துவிட்டு வரப்பில் பரப்பினேன். வெயில் காலத்தில் தேமல் மறைந்து நிற்கும், பாதி வெளியே தெரியாது. அப்படியும் ஏழு இலையில் மஞ்சள் திட்டு.

பூவாத்தாள் ஏழையும் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாஞ் செஞ்ச வேலைதானுங்க்கா இது."

"நீ நாஞ் சொன்னதத்தான் செஞ்ச."

பிப்ரவரி 17

காலை ஏழு மணி பஸ். நிலையத்தில் மேடம் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, உள்ளே கூட்டிப்போய் எல்லாம் காட்டினார். இலையைச் சின்னக் குழவியால் சின்னக் குழாயில் அரைக்கிறார்கள். மிஷினில் சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுக்கிறார்கள். வைரஸ் இருந்தால் கடைசியில் ஒரு கோடு ஒளிர்கிறது. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பரிசோதனைதானாம்.

"ஒரு எலையில நோய் கொஞ்சம் இருந்தாலும் மிஷின் பெருக்கிக் காட்டிடும்மா. அத ஏமாத்த முடியாது."

"ஏமாத்திட்டோம் கண்ணு" என்றேன்.

சொன்னேன். பூவாத்தாள் பொறுக்கியதை, நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை, நேற்று எடுத்த ஏழு இலையை. பையைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மிஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வந்து எடுத்திருக்கணும். ஜீப் இல்லன்னா பஸ்ல வந்திருக்கணும். எதிர்ல வர்ற செடின்னு போன்ல சொன்னா போதும்னு நெனச்சிட்டேன். இப்ப மேல சொல்லணும். என்ன செய்யதுக்கு?"

"சொல்லாமலும் இருக்கலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் இதைச் சொன்னதை இங்கே மறைக்கவில்லை. வியாபாரி எந்த இடத்திலும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பாள்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்போ எதுக்கும்மா வந்தீங்க? நீங்க வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"மலைக்காரங்க அடுத்த வருஷமும் எங்கிட்ட வாங்கணுமில்ல. அதுக்குத்தான்."

"அதுக்கு மட்டுமா?"

"வேற எதுக்கு?"

அவள் பையை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் கொண்டுபோன இலை செல்லாதாம். நாளைக்கு அவளே வருவாளாம். காட்டைப் பத்துத் துண்டாகப் பிரித்து, துண்டுக்கு முப்பது இலை அவள் கையால் எடுப்பாளாம். பழைய முடிவை ரத்துச் செய்து அன்றே மேலதிகாரிக்கு எழுதினாள். என் கண் முன்னால்தான் எழுதினாள்.

பிப்ரவரி 18

வந்தாள். பஸ்ஸில்தான். காலை எட்டு முதல் மூன்று மணி வரை முந்நூறு இலை. பூவாத்தாள் பின்னாலேயே பையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு சொத்தை இலையை மேடம் கிள்ளும்போதெல்லாம் இவள் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தாள்.

மத்தியானம் கிழங்கு வேகவைத்துக் கொடுத்தேன். கூட மீன்குழம்பு இல்லையே என்று கேட்டாள். இந்த ஊரில் மீனுக்கு எங்கே போவேன். மிளகாய்ச் சட்டினி வைத்தேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 21

சடையப்பன் போன். சீட்டு வந்துவிட்டதா என்று. ஒரு வாரம் ஆகும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 24

முடிவு வந்தது. பத்துத் துண்டில் ஆறு துண்டு சுத்தம், நூற்று எண்பது இலையில் ஒன்றிலும் இல்லை. கிழக்கே நான்கு துண்டும் போய்விட்டன. முப்பதில் ஒன்பது, பதினொன்று, எட்டு, பதிமூன்று.

மேடம் போனில் கேட்டார்: "ஏம்மா, கோடு கிழிச்ச மாதிரி இருக்கே. மேற்க ஒண்ணுகூட இல்ல, கிழக்க இத்தனை. ஈ பரப்பியிருந்தா இப்படி வராது. ரெண்டுக்கும் ஒரே குச்சிதான நட்டீங்க?"

நிலையத்தார் போன வருஷம் எனக்குக் கொடுத்த சுத்தமான தாய்க்குச்சி மூன்று ஏக்கருக்குத்தான் வந்தது. உழுது வைத்த இரண்டு ஏக்கரைச் சும்மா போட மனசு வரவில்லை. என்னிடம் இருந்த குச்சியை நட்டேன். ஐந்து ஏக்கருக்கும் அவர்கள் குச்சியே என்று பதிவேட்டில் எழுதினேன்.

இதை மேடத்திடம் சொன்னேன்.

"பதிவேட்டத் திருத்தி எழுதுங்க. தேதி போட்டுக் கையெழுத்து வைங்க. ஆறு துண்டுக்கு நான் சீட்டுத் தரேன்."

"உனக்கு என்னாச்சு கண்ணு? மேல என்ன சொன்னாங்க?"

"எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க. குடுத்திருக்கேன். இனி எலை எடுக்க நான் போகாம யாரும் எடுக்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவும் வந்திருக்கு. அத நானேதான் எழுதிக் குடுத்தேன்."

பதிவேட்டில் ஒரு வரி இடம் போதுமானதாக இருந்தது: கிழக்கு நான்கு துண்டு, சொந்தக் குச்சி.

பிப்ரவரி 26

கிழக்கே கிழங்கைப் பிடுங்கி மில்லுக்கு ஏற்றினோம். கிழங்குக்கு ஒன்றுமில்லை, மாவு மாவுதான். எடை பாதிதான் வந்தது. குச்சி மலைபோல் வரப்பில் கிடந்தது.

ஆத்தூர்க்காரர் ஒருவர் டெம்போவோடு வந்தார். எனக்குப் பழைய வாடிக்கை. "சீட்டு இல்லாட்டிப் போவுதுங்க்கா, நூத்தறுவது கட்டும் எடுத்துக்கறேன். எம்பதுக்கே முடிச்சுக்கலாம். யாரு கேக்கப் போறா?" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் டெம்போவில் ஏற்ற நானே கை கொடுத்திருப்பேன்.

இல்லை என்றேன். அவருக்குக் கோபம். "என்னுங்க்கா, கோயிலுக்கு மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் பூவாத்தாள் கேட்டாள்: "இப்ப இத என்ன பண்றது?"

"பத்த வை."

பச்சைக் குச்சி லேசில் பிடிக்கவில்லை. பால் கொதித்துச் சீறியது. மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர். ஏன் எரித்தேன் என்று கேட்டால் அடுத்த உழவுக்கு இடம் வேண்டும், அதுதான்.

புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரசாவுக்குக் குச்சி கொடுத்த வருஷம் மழை நன்றாகத்தான் பெய்தது.

பிப்ரவரி 28

மலைக்குப் போனேன். மூன்று பஸ் மாறி, கடைசி நாலு கிலோமீட்டர் நடை. சடையப்பன் காட்டில் குழி எடுத்து வைத்திருந்தார்கள். முப்பத்திமூன்று ஏக்கருக்கும் குழி. பார்த்ததும் சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துவிட்டது. பிறகு ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் துண்டை உதறி ஒரு கல்லின்மேல் போட்டு, உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னிக்குக் கெழக்க வரப்பு வழுக்கும்னீங்களே."

"ஆமாங்க."

"மண்ணு காஞ்சிருந்திச்சு. நான் பாத்தேன்."

நானும் கல்லைவிட்டு எழுந்து நின்றேன்.

"இத நீங்க சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"மூணாம் மாசம் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சு என்ன பண்ணியிருப்பேன்? மேல ஏறினது ஏறினதுதான்." கொஞ்ச நேரம் குழிகளைப் பார்த்தார். "நல்ல குச்சி எத்தன கட்டு?"

"இருநூத்தி நாப்பது."

"அம்புட்டையும் குடுங்க. மிச்சக் குழியில சாமை வெதைச்சுக்கறோம். ஆனா நானூறு சொல்லிட்டு கொறைச்சிட்டீங்க, அதுக்கு வெல கொறையணும்."

"கொறைக்க மாட்டேன். நானூறும் நல்ல குச்சின்னு சொல்லித்தான் அந்த வெல பேசுனேன். அது பொய். இந்த இருநூத்தி நாப்பதும் நெசமாவே நல்ல குச்சி. அப்ப வெல ஏத்தத்தான் நியாயம். ஏத்தல."

அவர் சிரித்துவிட்டார். பேச்சு கம்மியான ஆள் சிரித்தால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சிரிப்பு வருகிறது. குழி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்காமலே சிரித்தார்கள்.

"ஆனா உங்களுக்கு இருநூத்தி இருவத்தெட்டுதான்" என்றேன். "பன்னெண்டு கட்டு நான் எடுத்து வச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"ஒரு ஏக்கருக்கு."

கட்டு இருநூற்றிருபது. இறக்கும் கூலி என்னுடையது. சீட்டில் ஒரு நகல் சங்கத்துக்கு. அடுத்த வருஷம் அவர்கள் ஆளே வந்து, மேடம் இலை எடுக்கும்போது கூட நிற்பார்.

மார்ச் 2

சரசா போனை எடுப்பதில்லை. பூவாத்தாளுக்குச் சரசா இருக்கும் ஊர்தான் சொந்த ஊர். இன்று அங்கே கிடாவெட்டுக்குப் போகிறாள். பன்னிரண்டு கட்டு நல்ல குச்சி இருக்கிறது, சும்மா கிடக்கிற நிலத்துக்கு ஆகும், வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று பூவாத்தாள் படியிலேயே நின்றாள்.

"போடி, பஸ் போயிரும்."

மார்ச் 4

பூவாத்தாள் வந்தாள். சரசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது, முந்தானையைப் பிடித்தது, எரித்தது.

"சிரிச்சாங்களாடி?"

"கண்ணக் கட்டுனதுக்குச் சிரிச்சாங்க. எரிச்சதுக்குச் சிரிக்கல. அடுப்புல பால் பொங்கறது கூடத் தெரியாம உக்காந்திருந்தாங்க. நாந்தான் எறக்கி வெச்சேன்."

மார்ச் 5

சரசா வந்தாள். ஒன்பது மணி பஸ். வீட்டுக்கு வரவில்லை, நேராகக் காட்டுக்குப் போய்விட்டாள். பூவாத்தாள் ஓடிவந்து சொல்லித்தான் நான் போனேன். தலை பாதி நரைத்திருக்கிறது. எனக்கு இளையவள்.

"வா சரசா."

"ம்."

பச்சை அட்டை கட்டிய பன்னிரண்டு கட்டையும் பிரிக்கச் சொன்னாள். வெளியே இருந்த குச்சியைத் தொடவில்லை. கட்டின் நடுவில் கையை விட்டு உள்ளே இருப்பதை உருவி எடுத்தாள். தோலைக் கீறினாள். பால். அடுத்த கட்டு. பன்னிரண்டிலும் நடுவிலிருந்துதான் எடுத்தாள். இந்த அக்காளுக்குத் தங்கச்சி, கட்டின் நடுவில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சீட்டக் காட்டு."

காட்டினேன். எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தாள். மெர்லின் மேடத்தின் கையெழுத்தில் விரல் வைத்தாள்.

"இவங்களாம் போன்ல சொன்னா வந்து எலை எடுப்பாங்களா?"

"வருவா. பஸ்ல வருவா."

"அன்னிக்கு நீ குடுத்த குச்சி," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். வரப்பில் எரிந்த சாம்பலைப் பார்த்தாள். காலால் ஒரு தடவை கிளறினாள்.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் குடுத்தேன். வெளிய விக்கப் பயம். உனக்குன்னா நீ கேள்வி கேக்க மாட்டேன்னு."

எழுதிவிட்டேன். சொன்னபோது இதைவிடச் சுலபமாக இருந்தது.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சொல்லு, என்ன வெல?" என்றாள். தங்கச்சி விலை சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

அரை மணி நேரம் பேசினோம். பூவாத்தாள் சாட்சி.

பேசி முடித்தது: பன்னிரண்டு கட்டு, கட்டு இருநூற்றிருபது, மலைக்காரருக்கு என்ன விலையோ அதே விலை. வண்டி வாடகை அவளுடையது. மூன்றாம் மாதம் மெர்லின் மேடம் அவள் காட்டுக்கு வர வேண்டும், கூட்டி வருவது என் பொறுப்பு. தேமல் இருந்தால் அந்தச் செடியை நான் என் கையால் பிடுங்கி அங்கேயே எரித்து, மறு குச்சி ஊன்றித் தர வேண்டும். இலை எடுக்கும்போது நான் வரப்பை விட்டு இறங்கக் கூடாது. எந்தச் செடி என்று காட்டுவது சரசா.